புதிதாக வெட்டுக்கத்தி பிடிப்பவர்களுக்கு

சென்னையில் ஃபிளாட்டில் குடியிருந்துகொண்டு மதுராந்தகத்துக்கோ உத்திரமேரூருக்கோ பக்கத்தில் ஒரு கிரவுண்டு, அரை ஏக்கர் என்று வாங்கிப் போட்டிருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் சீமைக் கருவேலம் இடுப்பளவு நிற்கும். வேலியோரத் தென்னையின் காய்ந்த மட்டை பாதையை அடைத்துக் கிடக்கும். வீட்டிலிருக்கும் காய்கறிக் கத்தியும் பூச்செடிக் கத்தரியும் அங்கே எதற்கும் ஆகாது. வேண்டியது ஒரு வெட்டுக்கத்தி. கொல்லுப்பட்டறையில் அடித்தது, முழங்கை நீளத்தை ஒட்டியது. கிளை கழிக்க, விறகு பிளக்க, தேங்காய் உடைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே போதும். தெற்கே வெட்டரிவாள் என்பார்கள், மேற்கே கொடுவாள் என்பார்கள். வளைவும் மூக்கும் ஊருக்கு ஊர் மாறுமே தவிர, கையாளும் முறை ஒன்றுதான்.

மொட்டைமாடியில் பத்துத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம். நல்ல கத்தரி ஒன்றும் மடக்கு ரம்பம் ஒன்றும் போதும். வேலை இல்லாத வீட்டில் வெட்டுக்கத்தி இருந்தால் அது அலமாரி மேலே துருப்பிடித்துக் கிடக்கும், அல்லது பையன் கையில் செல்ஃபிக்குப் போகும். இரண்டும் நல்லதல்ல.

எப்படிப் பார்த்து வாங்குவது

பட்டறைக் கத்தியில் பெரும்பாலும் லாரி பட்டைதான் இரும்பு. வண்டியின் அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டை. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்திலிருந்து இப்படிப்பட்ட பட்டைகள் பட்டறைகளுக்குப் போவது வழக்கம். அந்த எஃகில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கூர்மையாக நிற்க அது போதும்; அடிவாங்கினால் உடையாமல் வளைந்து கொடுக்கவும் செய்யும். பளபளவென்று நிக்கல் பூசி, முதுகில் ரம்பப் பல் வைத்து, 'காட்டுக் கத்தி' என்று ஆன்லைனில் விற்பவை பல. அவற்றில் பாதிக்கு மேல் பிடிக்குள் போகும் வால் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. பத்து வெட்டில் தலை ஆடும். அதை வாங்குவதற்குப் பட்டறைக்கே போய்விடலாம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பாரிமுனைப் பக்கத்து இரும்புக் கடைகளிலும் கிடைக்கும். ஆனால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் போகிற வழியில் ஏதாவது கொல்லுப்பட்டறை கண்ணில் பட்டால் அங்கே நிறுத்துவதுதான் என் சிபாரிசு. வட மாநிலத்திலிருந்து குடும்பத்தோடு வந்து சாலையோரம் கூடாரம் போட்டு, கண் முன்னாலேயே அடித்துத் தருபவர்களும் உண்டு. கணவர் இடுக்கியில் பிடிக்க மனைவி சம்மட்டி அடிக்கும் வேகத்தைப் பார்த்தாலே நமக்குக் கை வலிக்கும். பட்டறையில் வாங்குவதில் உள்ள லாபம், உங்கள் கைக்கும் உயரத்துக்கும் வேலைக்கும் ஏற்ப எடையைச் சொல்லிச் செய்யலாம் என்பதுதான்.

புதியவருக்கு அலகு 10 அங்குலம், முதுகுத் தடிமன் பிடியருகே 5 மில்லிமீட்டர், மொத்த எடை 600 முதல் 700 கிராம். இதற்கு மேல் கேட்காதீர்கள். ஒரு கிலோ கத்தி முதல் ஐந்து நிமிடம் ராஜாவாக உணரவைக்கும். ஆறாவது நிமிடம் மணிக்கட்டு தளரும். கத்தி தவறுவதெல்லாம் அந்த ஆறாவது நிமிடத்துக்குப் பிறகுதான். வளைவும் மூக்கும் குறைவாக இருக்கட்டும். திருப்பாச்சேத்தி அரிவாளின் வளைவுக்கு ஒரு பேர் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் வளைந்த முனை புதர் இழுக்க உதவுகிற அளவுக்கு விறகு பிளக்க உதவாது.

கையில் எடுத்ததும் முதுகை ஒரு கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். கோணல் இருந்தால் அங்கேயே தெரியும். சின்ன அரம் ஒன்றைக் கொண்டுபோய் வாயில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அரம் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கினால் தோய்ச்சல் (பழுக்கக் காய்ச்சி முக்கி இரும்பைக் கடினமாக்குவது) அதிகம், வாய் சில்லு சில்லாகப் போகும். சுலபமாக வாரிக்கொண்டு போனால் தோய்ச்சலே இல்லை. கொஞ்சம் தயங்கிக் கடித்தால் சரி. பழைய பட்டையில் ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்திருக்கலாம் என்பதால் அலகு முழுக்க வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். சுண்டினால் கணீரென்று வரவேண்டும். சத்தம் மழுங்கினால் எங்கோ விரிசல்.

பிடியில் வால் எதுவரை போகிறது என்று கேளுங்கள். பிடியின் கடைசிவரை போய் ரிவிட் அடித்திருப்பது முதல் தரம். முக்கால்வரை போய், பிடியின் தலைப்பில் இரும்புப் பூண் போட்டிருந்தால் பரவாயில்லை. பழைய முறையில் பிடித்துளையில் அரக்கை நிரப்பி, வாலைச் சூடாக்கி இறக்குவார்கள். நன்றாகவே பிடிக்கும், ஆனால் மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் போட்டுவைத்தால் அரக்கு இளகும். எடுத்ததும் ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் வீசாதீர்கள்.

பட்டறையில் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். கத்தி, அரிவாள் செய்பவர்கள் வாங்குவோர் விவரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று தமிழ்நாடு காவல்துறை 2021-லேயே சொல்லியிருக்கிறது. சொல்லிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரசீது பிறகு உதவும்.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில்

இந்த ஊரில் கத்தி என்றதும் செய்தியில் வருவது பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டிக் கைதானவர்கள்தான். உங்கள் கத்தி தோட்டக் கத்திதான் என்பது உங்களுக்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு வாகனச் சோதனையில் நிற்கும் காவலருக்குத் தெரியாது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அலகு 9 அங்குல நீளத்துக்கு மேலோ 2 அங்குல அகலத்துக்கு மேலோ போனால் அது ஆயுத வகையில் வரும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. ஆக, கேள்வி நோக்கத்தைப் பற்றியது. மண்வெட்டி, ரம்பம், கையுறை, கயிறு இவற்றோடு சாக்கில் சுற்றி டிக்கியில் கிடக்கும் கத்தி தானாகவே தன் கதையைச் சொல்லிவிடும். சீட்டுக்கு அடியில் தனியாகச் செருகி வைத்த கத்தி வேறு கதை சொல்லும். பைக்கில் போகிறவர்கள் உறையில் போட்டு, அதன்மேல் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள், இடுப்பில் வேண்டாம். மெட்ரோ ரயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பைச் சோதனையிலேயே நின்றுவிடும்.

காட்டுப் பக்கம் மலையேறப் போகிறவர்கள் இதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் எழுத்துமூல அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதைத் தடுக்கிறது. அச்சட்டத்தின் ஆயுத விளக்கத்தில் கத்தியும் வருகிறது. வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிற நாளும் தோட்டத்துக்குப் போகிற நாளும் ஒன்றாக இருந்தால், முதலில் பறவை, கத்தி பிறகு.

நிற்பது, பிடிப்பது, வீசுவது

இதுதான் முக்கியமான பகுதி. மற்றதை வேகமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி: இது தப்பினால் கத்தி எங்கே போய் நிற்கும்? கிளை எதிர்பார்த்ததைவிட மெல்லிசாக இருந்து ஒரே வெட்டில் போய்விட்டால்? பட்டையில் வழுக்கினால்? கத்தியின் பாதை கிளையோடு முடிவதில்லை. அதற்கப்புறமும் ஒரு முழம் போகும். அந்த ஒரு முழத்தில் உங்கள் முழங்காலோ கணுக்காலோ இடது கையோ இருந்தால், நிற்கும் இடத்தை மாற்றுங்கள். கத்தியை மாற்றியோ பலத்தைக் குறைத்தோ சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

காலைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். வலது கைக்காரர் என்றால் இடது காலைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு எளிது, கை வேலையில் இறங்கியதும் முதலில் மறப்பது இதுதான். கிடக்கும் கட்டையை வெட்டும்போது கட்டை உங்கள் காலுக்கும் கத்திக்கும் நடுவில் இருக்கட்டும். தரையோடு ஒட்டிய வேலைக்குக் குனியாதீர்கள், முட்டி போட்டு உட்காருங்கள். குனிந்து வீசும் கத்தி தப்பினால் கணைக்காலுக்கு வரும். முட்டி போட்டு வீசினால் மண்ணில் குத்தும்.

கத்தியைக் கையில் வைத்துக் கையை முழுக்க நீட்டி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அந்த வட்டத்தைப்போல இரு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. மேலே பார்க்கவும் மறக்காதீர்கள். கொடி, கயிறு, தாழ்ந்த கிளை ஏதாவது பின்வீச்சில் மாட்டினால் கத்தி கையைவிட்டுத் திரும்பும். நாயை முதலில் கட்டிப் போடுங்கள். குழந்தைகளுக்கு வேறு வேலை கொடுத்து அனுப்புங்கள்.

பிடியை இறுக்கி நசுக்க வேண்டாம். கீழ் மூன்று விரல் அழுத்தமாக, ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சுற்றி வளைத்து லேசாக. கட்டைவிரலை முதுகின்மேல் நீட்டுவது சீவும் வேலைக்கு மட்டும். வீச்சு வேலையில் அந்த விரல் சுளுக்கிக்கொள்ளும். வீச்சு தோளிலிருந்து வரட்டும், முழங்கை வழிகாட்டட்டும், மணிக்கட்டு கடைசி நேரத்தில் மட்டும் ஒரு சொடுக்கு. பலம் உங்களுடையதாக இருக்கத் தேவையில்லை, கத்தியின் எடை போதும். அலகில் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஓர் இடம் உண்டு. அங்கே பட்டால் கையில் அதிர்ச்சியே தெரியாது. காய்ந்த கட்டையில் பத்துப் பதினைந்து வெட்டு மெதுவாகப் போட்டுப் பார்த்தால் உங்கள் கத்தியில் அது எங்கே என்று கை சொல்லிவிடும்.

கத்தி பிடிக்கும் கைக்குத் துணிக் கையுறை வேண்டாம், வியர்த்தால் வழுக்கும். ரப்பர் பிடிப்பு உள்ளது என்றால் சரி. தடித்த தோல் கையுறை இடது கைக்கு. சென்னை ஈரக்காற்றில் அரைமணி நேரத்தில் பிடி நனைந்துவிடும். இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டு அடிக்கடி துடையுங்கள். கண்ணாடி போடாதவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். செருப்போடு இந்த வேலை கூடவே கூடாது, சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பை ஊடுருவிப் போகும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடியுங்கள். நடுவில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கத்தியை உறையில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

இன்னொருவருக்குக் கொடுக்கும்போது கைக்குக் கை வேண்டாம். கீழே வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று வீட்டில் பாட்டிமார் சொல்வார்கள். சண்டை வருமோ வராதோ, விரல் மிச்சமாகும்.

வேலைகள்

சீமைக் கருவேலத்தில் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். புதரில் கை வைக்குமுன் நீளக் கழியால் நாலு பக்கமும் தட்டுங்கள். காய்ந்த சருகுக் குவியலில் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் அது நகர வழிவிட்டு, நீங்களும் நகர்ந்துகொள்ளுங்கள். கத்தியால் பாம்பை வெட்டுவது வீரமுமல்ல, சட்டப்படி சரியுமல்ல, வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாதை தெளிந்ததும் வெளிப்புறக் கிளைகளை முதலில் கழித்து, முள்கிளைகளைக் கவைக்கோலால் இழுத்து ஒரு பக்கம் குவித்துவிட்டு, அப்புறம் தண்டுக்கு வாருங்கள். தண்டை நேர் குறுக்காக அடித்தால் கத்தி துள்ளும். மேலிருந்து சாய்வாக ஒன்று, எதிர்ச்சாய்வில் ஒன்று. நடுவில் சில்லு பறந்து ஆப்பு வடிவில் குழி விழும். அதையே ஆழப்படுத்திக்கொண்டு போக வேண்டும். மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் போனால் ரம்பத்தை எடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, சாய்வாக வெட்டிய அடிக்கட்டை. அரையடி உயரத்தில் ஈட்டிபோல நிற்கும் அந்தக் கட்டைதான் அடுத்த மாதம் உங்கள் கார் டயரையும் பக்கத்து வீட்டு மாட்டின் காலையும் பதம் பார்க்கும். தரையோடு ஒட்டி ரம்பத்தால் அறுத்து மட்டமாக்குங்கள். இன்னொன்று: சீமைக் கருவேலம் வெட்டுவதால் சாகாது. அடிக்கட்டையிலிருந்து நாலு தளிராகக் கிளம்பும். வேரைக் கடப்பாரையும் மண்வெட்டியும் போட்டு எடுத்தால்தான் முடியும். அந்த வேலைக்கு வெட்டுக்கத்தியை இறக்காதீர்கள். மண்ணில் இருக்கும் சரளைக்கல் ஒரே குத்தில் வாயைப் பல்லாக்கிவிடும்.

விழுந்து கிடக்கும் மரத்தின் கிளை கழிக்கும்போது எப்போதும் அடிமரப் பக்கத்திலிருந்து நுனிப் பக்கமாக வெட்டுங்கள். கவட்டைக்குள் மேலிருந்து அடித்தால் கத்தி சிக்கும், நாரும் கிழியும். அடிமரத்துக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் வெட்டும் கிளை. இந்த ஒழுங்கு மட்டும் இருந்தால் தப்பிய வெட்டு மரத்தில்தான் படும். உயிர் மரத்தில் கிளை எடுக்கிறீர்கள் என்றால் முதலில் அடிப்பக்கம் ஒரு சின்ன வெட்டு, பிறகு மேலிருந்து. இல்லாவிட்டால் கிளை தன் எடையிலேயே முறிந்து தாய்மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும். முருங்கையில் இது கட்டாயம் நடக்கும்.

புயல் நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரை கடந்த மறுநாள், தெருவுக்குத் தெரு மரம் கிடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். கிடைத்த கத்தியோடு எல்லோரும் இறங்கினார்கள். அப்படி இறங்குமுன் பார்க்க வேண்டியது ஒயர். கிளைக்குள் மின்கம்பி சிக்கியிருக்கிறதா, மரம் கம்பத்தில் சாய்ந்திருக்கிறதா என்று தெரியாமல் தொடவே கூடாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987-க்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். தெருவோர மரம் மாநகராட்சி விஷயம், எண் 1913. உங்கள் காம்பவுண்டுக்குள் விழுந்ததை நீங்கள் வெட்டலாம். ஆனால் வில்லாக வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையைத் தொடாதீர்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் கத்தி பட்டதும் அது விடுபட்டு முகத்தில் அடிக்கும். முதலில் அழுத்தமில்லாத சிறு கிளைகள், பிறகு ரம்பக்காரர்.

பனை விஷயத்தில் கத்தியை உறைக்குள்ளேயே வையுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்திருக்கிறார்கள்.

மூங்கிலைக் கணுவுக்குச் சற்று மேலே ஒட்டி வெட்ட வேண்டும். இடைக்கணுவில் வெட்டினால் அடியில் ஒரு குவளை மிஞ்சும். மழைத் தண்ணீர் நின்று கொசு முட்டையிடும். சென்னையில் டெங்குவுக்கு வேறு அழைப்பிதழ் வேண்டாம். பிளந்த மூங்கில் விளிம்பு கத்தியைவிட மோசமாக அறுக்கும், அங்கேதான் தோல் கையுறை.

விறகு பிளக்க வீச்சு தேவையே இல்லை. ஒரு முழ நீளத்துக்குள் இருக்கும் கட்டையை அடிமரத் துண்டின்மேல் நிறுத்தி, வாயை அதன் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு மரக்கட்டையால் தட்டுங்கள். அலகு உள்ளே இறங்கியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைப் பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனால் பிளந்துவிடும். கட்டை அலகைவிட அகலமாக இருக்கக் கூடாது. முடிச்சு உள்ள கட்டையை ஒதுக்குங்கள். இரும்புச் சுத்தியலால் முதுகில் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகு பிசிறிட்டு, ஒருநாள் அந்தப் பிசிறு கண்ணுக்குத் தெறிக்கும். பொங்கலுக்கு மாடியில் அடுப்பு மூட்டச் சிராய் வேண்டுமென்றால், பிடியருகே உள்ள வாய்ப்பகுதியால் வெளிநோக்கிச் சீவுங்கள்.

இளநீர். ஈசிஆரில் கடை போட்டிருப்பவர் இடது உள்ளங்கையில் காயை வைத்து நாலு சீவில் திறப்பதைப் பார்த்து ஆசை வரும். அது ஒரு நாளைக்கு நூறு காய் என்று வருடக்கணக்கில் வெட்டிய கை. நீங்கள் காயைக் கட்டைமேல் படுக்கவையுங்கள், காம்புப் பக்கத்தை இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள், எதிர்முனையைச் சாய்வாகச் சீவி, திருப்பி, மறுபடி சீவுங்கள். ஓட்டின் வெள்ளை தெரிந்ததும் அலகின் மூலையால் ஒரு கொத்து. இடது கை, கத்தி போகும் கோட்டுக்குள் எந்த நேரமும் வரக் கூடாது. முற்றிய தேங்காய்க்கு வாயே வேண்டாம். நடுவயிற்றுக் கோட்டில் முதுகால் தட்டிச் சுற்றிச் சுற்றிப் போனால் இரண்டாகப் பிளக்கும். அடியில் ஒரு பாத்திரம் வைத்தால் தண்ணீரும் மிச்சம். மட்டை உரிக்கக் கடப்பாரை போதும், கத்தியைப் படுத்தாதீர்கள். பலாப்பழத்துக்கு அலகிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் அன்று மாலை முழுக்கப் பால் சுரண்ட வேண்டியிருக்கும்.

ஆணி அடித்த பலகை, கல்லின்மேல் வைத்த எதுவும், தகர டின், நெம்புகோல் வேலை, எறிந்து பழகுவது: இவை எதற்கும் இந்தக் கத்தி கிடையாது.

வெட்டுப்பட்டால்

வாகனத்திலேயே சுத்தமான காட்டன் துணி, பேண்டேஜ் வைத்திருங்கள். காயத்தின்மேல் துணியை வைத்து நேராக, விடாமல் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. காப்பித்தூள், மஞ்சள்தூள், மண் எதுவும் காயத்துக்குள் போகக் கூடாது. தையல் போடும் மருத்துவர் அதை ஒவ்வொன்றாகக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். ரத்தம் நிற்கவில்லை என்றாலோ விரல் மடங்கவில்லை, மரத்துப்போயிருக்கிறது என்றாலோ 108. தசைநாரோ நரம்போ அறுந்திருந்தால் மேலே சின்னக் காயமாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். விரல் துண்டாகிவிட்டால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போடக் கூடாது. கை அறுவைச் சிகிச்சைக்கென்று பேர்பெற்ற பிரிவு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதை வீட்டிலேயே எழுதிவைத்திருந்தால் நல்லது.

சாணை

மழுங்கிய கத்திதான் வழுக்கும். வழுக்குவதைப் பலத்தால் சமாளிக்கப் பார்ப்பீர்கள், அங்கிருந்து தொடங்கும் வினை. அரைநாள் வேலைக்கு ஒருமுறை வாயைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. விரலை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

பல் விழுந்திருந்தால் முதலில் அரம். கத்தியை மேசையோரத்தில் கிளாம்பில் பிடித்து, முதுகுப் பக்கமிருந்து வாய் நோக்கி, ஒரே திசையில் தள்ளுங்கள். பிறகு சாணைக்கல். திருவொற்றியூரில் 1950-களிலிருந்தே சாணைப் பொருள் செய்யும் கார்போரண்டம் ஆலை இயங்கும் ஊர் இது. ஒரு பக்கம் கரகரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் உள்ள கல் எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கும். தண்ணீரில் நனைத்து, பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை சாய்வில், கல்லைச் சிறு சிறு வட்டமாக வாயில் ஓட்டுங்கள். மறுபக்கம் மெல்லிய பிசிறு திரளும்வரை ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம். கடைசியில் நைசுப் பக்கத்தால் மெதுவாகத் தடவிப் பிசிறை எடுக்க வேண்டும். பழைய தோல் பெல்ட் ஒன்றில் பின்னோக்கி இழுத்தால் இன்னும் நல்லது. செய்தித்தாளைத் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள். கிழியாமல் அறுந்தால் தோட்ட வேலைக்கு அதுவே அதிகம். சவரக்கத்தி அளவுக்கு மெலிதாக்கினால் முதல் முடிச்சிலேயே வாய் மடங்கும்.

தெருவில் சாணை பிடிக்க வருபவரிடமும் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். உலர்ந்த சக்கரத்தில் விடாமல் அழுத்தினால் வாய் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம், அங்கே வாய் இனி நிற்காது. நாலு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். நல்ல தொழில்காரர் சொல்லாமலே முக்குவார்.

வைப்பது

கடற்கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் வீடு என்றால், துடைக்காமல் வைத்த கத்தி மறுநாளே செம்பட்டை காட்டும். வாழைச்சாறும் மாங்காய்ப் பாலும் பட்டால் அரைமணி நேரத்தில் கறுக்கும். கறுப்பு பரவாயில்லை, அது ஒரு பூச்சுபோல நின்று காக்கும், செந்துருதான் தின்னும். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, வெயிலில் ஐந்து நிமிடம் காட்டி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. உணவுப் பொருள் வெட்டுகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவலாம். தோல் உறை பயணத்துக்கு மட்டும். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் வீட்டில் கத்தியை வெளியே எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி, பூட்டு உள்ள பெட்டியில் வையுங்கள்.

மரப்பிடி கோடையில் சுருங்கிப் பூண் தளரும். தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது இரண்டு நாள் வைத்தியம், காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். ஆளிவிதை எண்ணெயை ஊறத் தடவி ஒருநாள் விட்டால் மரம் நிதானப்படும். தடவிய துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயவைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். பிடியே வெடித்துவிட்டால் பசை போட்டு ஒட்ட வேண்டாம். பட்டறையில் கொடுத்தால் கருவேலத்திலோ புளியிலோ புதுப்பிடி போட்டுத் தருவார்கள்.

ஆயுதபூஜைக்குப் பல வீடுகளில் இதற்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். வைக்கலாம், ஆனால் வாயில் வைக்காமல் பிடியில் வைக்கச் சொல்லுங்கள். அலகில் வைத்தே தீருவேன் என்று அம்மா சொன்னால், முதலில் எண்ணெய் தடவிவிட்டு அதன்மேல் வைத்து, மறுநாள் புனர்பூஜை முடிந்த கையோடு துடைத்துவிடுங்கள். ஈரச் சந்தனம் ஒட்டியபடியே பெட்டிக்குள் போன கத்தியில் பொட்டு இருந்த இடமெல்லாம் துருவும் இருக்கும்.